கீபோர்டா, மாடித்தோட்டமா, டெலஸ்கோப்பா, பறவையா: வார இறுதியை எதற்குக் கொடுப்பது?

சாஃப்ட்வேர் வேலையில் இருப்பவர்களுக்குப் பொழுதுபோக்கு பிடிப்பது சளி பிடிப்பது மாதிரிதான். டீமில் ஒருவருக்கு வந்தால் இரண்டு ஸ்பிரிண்ட் முடிவதற்குள் பாதிப் பேர் தும்மிக்கொண்டிருப்பார்கள், அடுத்த ரிலீஸ் வருவதற்குள் எல்லோருக்கும் குணமாகிவிடும். மிச்சமெல்லாம் வீட்டு அலமாரியில் கிடக்கும்: தந்தி அறுந்த யுகுலேலே, பிரிக்காத கோகோபீட் கட்டி, மூலையில் ஒரு சால்டரிங் அயர்ன். வந்து போகிற ஆசைகள் வந்து போகட்டும், அதில் தப்பில்லை. ஆனால் ஏதாவது ஒன்றுக்குப் பத்தாயிரம் இருபதாயிரம் என்று பணத்தையும், அதைவிட முக்கியமாக சனி ஞாயிறையும் கொடுக்கப் போகிறோம் என்றால் கொஞ்சம் உட்கார்ந்து யோசித்துவிடலாம். அதற்குத்தான் இந்த ஒப்பீடு.

நான் இருப்பது சென்னையில், ஓ.எம்.ஆர். பக்கம், அபார்ட்மென்ட் வாசம், அவ்வப்போது ஆன்கால், அதாவது சிஸ்டம் படுத்தால் எந்த நேரத்திலும் எழுந்து பார்க்கிற முறை. எல்லாக் கணக்கும் இந்த நிலைமையை வைத்துப் போட்டது. கோயம்புத்தூரில் தோட்டத்தோடு வீடு இருக்கிறவர்கள் வேறு கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

இந்த மாதிரி ஒப்பீடுகளில் செலவு, நேரம், ஆரோக்கியம் என்று வரிசையாக மார்க் போடுவார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. முதல் வாரத்து உற்சாகத்தில் எல்லாமே மலிவாகத்தான் தெரியும், எல்லாவற்றுக்கும் நேரம் இருப்பதாகத்தான் தோன்றும். நான் கேட்கிற கேள்வி வேறு: மூன்று வாரம் திரும்பிப் பார்க்காமல் விட்டால் அது என்ன ஆகும்? ரிலீஸ் நெருங்கும்போது எந்த ஆசைக்கும் நேரம் கிடையாது, அதுதான் நிஜம். விட்டால் செத்துப்போகிற பொழுதுபோக்கு உண்டு, திரும்பி வந்தால் ஆரம்பத்திலிருந்து வா என்கிற பொழுதுபோக்கு உண்டு, விட்ட இடத்தில் அப்படியே நிற்கிறதும் உண்டு. இன்னொரு கேள்வியும் இருக்கிறது, இது நம் ஆட்களுக்கே உரிய வியாதி: இந்தப் பொழுதுபோக்கு எவ்வளவு சீக்கிரம் என்னை மறுபடி லேப்டாப் முன்னால் கொண்டுவந்து உட்கார வைக்கும்?

மெக்கானிக்கல் கீபோர்டிலிருந்து தொடங்கலாம். பெரும்பாலானவர்களுக்கு முதலில் வருவது அதுதான், தினமும் கை படுகிற பொருள், வேலைக்கான செலவு என்று வீட்டில் சொல்லிச் சமாளித்துவிடலாம். இதில் ஒவ்வொரு கீக்கு அடியிலும் தனியாக ஒரு சுவிட்ச் இருக்கும், செர்ரி எம்எக்ஸ் என்கிற ஜெர்மன் சுவிட்ச் 1980களிலிருந்தே இருக்கிறது. 2014 வாக்கில் அதன் காப்புரிமை முடிந்ததும் கேட்டரான், கைல் போன்ற சீன நிறுவனங்கள் அதே அமைப்பில் சுவிட்ச் செய்து குவித்தன, விலை இறங்கியது, ரகமும் பெருகியது. சிவப்பு ரகம் தடங்கல் இல்லாமல் நேராக இறங்கும், பழுப்பில் நடுவழியில் ஒரு சின்ன முட்டு விரலுக்குத் தெரியும், நீலத்தில் அந்த முட்டோடு டிக் என்று சத்தமும் வரும். நீலத்தை வாங்கி வைத்துக்கொண்டு மீட்டிங்கில் மைக்கை மூடாமல் டைப் அடிக்கிறவர்களைப் பற்றி நான் எதுவும் சொல்லப் போவதில்லை.

இதில் உண்மையான சுகம் சுவிட்சைப் பிரித்து லூப் போடுவதில், அதாவது கிரீஸ் பூசுவதில் இருக்கிறது. ஓப்பனரை வைத்து அமுக்கினால் மேல்கூடு கழன்று வரும். உள்ளே கீயோடு ஏறி இறங்குகிற ஒரு ஸ்டெம், ஒரு ஸ்பிரிங், கீழ்க்கூடு, அவ்வளவுதான். சன்னமான பிரஷ் நுனியில் கிரீஸைத் தொட்டு, ஸ்டெம் ஏறி இறங்கும்போது உரசுகிற பக்கங்களில் பூசினதும் தெரியாத அளவுக்கு இழுக்க வேண்டும். கொஞ்சம் கூடினால் கீ மந்தமாகிவிடும், எழுந்து வர சோம்பல்படும். பழுப்பு ரகத்தில் ஸ்டெம்மின் கால்களில் கிரீஸ் பட்டால் அந்த முட்டே மழுங்கிவிடும், பிறகு பழுப்பு வாங்கியதற்கே அர்த்தமில்லை. நம்பர் பேட் இல்லாத கீபோர்டிலேயே 87 கீ இருக்கிறது. ரேடியோவைப் போட்டுவிட்டு ஒவ்வொன்றாகப் பிரித்து, பூசி, மூடி, காதருகே வைத்து அமுக்கிப் பார்த்து, அடுத்ததை எடுக்கிறபோது நேரம் போவது தெரியாது. ஸ்க்ரீன் பக்கமே பார்க்க வேண்டியதில்லை.

பிரச்சினை என்னவென்றால் அது முடிந்துவிடுகிறது. எல்லா சுவிட்சையும் மாட்டியாகிவிட்டது, ஸ்பேஸ் பாரின் கடகட சத்தம் போய்விட்டது, கேட்க அருமையாக இருக்கிறது, அப்புறம்? இன்னொரு கீபோர்டு வாங்க வேண்டும். ஆசை அறுபது நாள், மோகம் முப்பது நாள் என்பார்கள், கீபோர்டுக்கு முப்பதே அதிகம். செய்கிற வேலை குறைவு, வாங்குகிற வேலை அதிகம். போதாததற்கு கீபோர்டுக்குள்ளேயே ஓடுகிற க்யூஎம்கே ஃபர்ம்வேர் என்று ஒரு மென்பொருள் இருக்கிறது, ஒரு கீயை இன்னொன்றாக மாற்றப் போய் சனிக்கிழமை இரவு சி மொழியில் கம்பைல் எரர் பார்த்துக்கொண்டிருப்போம்.

இந்த வழியில் போனவர்களுக்கு ஒன்று சொல்வேன். அந்த மெனக்கெடலைத் தமிழ்99 விசைப்பலகை பழகுவதில் போடுங்கள். 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டை ஒட்டித் தரப்படுத்தியது. உயிரெழுத்து இடது கைக்கு, மெய் பெரும்பாலும் வலது கைக்கு, நடு வரிசையில் அ, இ, உ ஒரு பக்கம், க, ப, ம, த, ந மறுபக்கம். அம்மா என்று அடிக்க அ, ம, ம, ஆ என்று நான்கே தட்டு, நடுவில் புள்ளியை அதுவே வைத்துக்கொள்ளும். ஆங்கில எழுத்தில் அடித்துத் தமிழாக்கிக்கொள்கிற பழக்கம் உள்ளவர்களுக்கு முதலில் எரிச்சலாகத்தான் இருக்கும், ஆனால் கை பழகிவிட்டால் அது உங்களோடே இருக்கும், கீபோர்டை விற்றாலும் போகாது.

மாடித்தோட்டம் எனக்கு மிகவும் பிடித்த ஆசை, என் நிலைமைக்குக் கொஞ்சமும் ஒத்துவராத ஆசையும் அதுதான். செம்மண், கோகோபீட், மண்புழு உரம் கலந்து பையை நிரப்பி, கொஞ்சம் வேப்பம்புண்ணாக்கு தூவி, ஆடிப் பட்டத்தில் கத்தரியும் வெண்டையும் போட்டால் நன்றாகவே வரும். வெண்டை ஒன்றரை மாதம் ஒட்டிக் காய்க்கத் தொடங்கிவிடும். முதல் காயைப் பறித்துக் குழம்பில் போடுகிற சந்தோஷத்துக்கு ஈடில்லை, மறுக்கவில்லை. ஆனால் மூன்று வாரக் கேள்வியை இதனிடம் கேட்டுப் பாருங்கள். சித்திரை வைகாசி வெயிலில் சிமெண்ட் தளத்தின் மேல் இருக்கிற பைக்கு மூன்று நாளே அதிகம். நிழல்வலை கட்டினாலும் தண்ணீர் ஊற்றியாக வேண்டும். அந்தப் பக்கம் போகாமல் இருந்த வாரம் பார்த்துத்தான் செம்பருத்தித் தண்டு முழுக்க மாவுப்பூச்சி வெள்ளையாக அப்பிக்கொண்டிருக்கும், அங்கிருந்து கத்தரிக்கு இறங்கும். வேப்ப எண்ணெயில் சோப்புக் கரைசல் கலந்து அடித்தால் அடங்கும், ஒரு தடவை அடித்தால் போதாது.

இங்கேதான் டெவலப்பர் மூளை வேலையைக் காட்டும். தண்ணீர்தானே பிரச்சினை, வைஃபை உள்ள இஎஸ்பி32 என்கிற சின்ன கம்ப்யூட்டர் போர்டு ஒன்று, மண்ணின் ஈரத்தைப் பார்க்க ஒரு சென்சார், ஒரு சின்ன பம்பு, மொபைலில் ஒரு டேஷ்போர்டு. விலை குறைந்த சென்சாரில் இரண்டு உலோகக் கம்பி மண்ணுக்குள் மின்சாரத்தோடு நிற்கும், ஈரத்தில் அது சீக்கிரமே அரித்துப்போகும், அப்புறம் உலோகம் மண்ணில் படாத கெப்பாசிட்டிவ் ரகம் வாங்குவோம், அப்புறம் வைஃபை மாடி வரைக்கும் எட்டாது, அதற்கு ஒரு ரிப்பீட்டர். கடைசியில் வெண்டைச் செடிக்கும் ஒரு ஆன்கால் ரொட்டேஷன் வந்துவிடும். வீட்டில் பெரியவர்கள் யாராவது காலையில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றிவிடுவார்கள் என்றால் தாராளமாகத் தொடங்குங்கள், அப்போது தோட்டம் அவர்களுடையது, நீங்கள் உதவியாள். தனியாக இருக்கிறவர்கள் கற்பூரவல்லி, கற்றாழை, கீரை என்று நிறுத்திக்கொள்வது நல்லது. கீரைக்கு ஒரு மாதம் ஒழுங்காக இருந்தால் போதும், அறுத்துவிட்டு ரிலீஸுக்குப் போகலாம்.

செஸ்ஸை இரண்டு வரியில் முடிக்கிறேன். குகேஷ் 2024 டிசம்பரில் 18 வயதில் உலக சாம்பியனானதிலிருந்து சென்னையில் யாரைக் கேட்டாலும் செஸ்தான், லிசெஸ் தளம் இலவசம், விளம்பரம் கிடையாது, புரோகிராம் முழுக்க ஓப்பன் சோர்ஸ், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பத்து மணி நேரம் ஸ்க்ரீனைப் பார்த்த கண்ணுக்கு ராத்திரி மூன்று நிமிட பிளிட்ஸ் ஓய்வே இல்லை, தோற்றால் இன்னொன்று, ஜெயித்தாலும் இன்னொன்று. நேரில் பலகை போட்டு ஆட ஆள் இருந்தால் சரி.

டெலஸ்கோப். தமிழ்நாட்டில் இந்த ஆசைக்கு நல்ல பாரம்பரியமே இருக்கிறது. ஜவ்வாது மலையில் காவலூரில் வைணு பாப்பு வானாய்வகம் இருக்கிறது, 1977இல் யுரேனஸின் வளையங்கள் தெரியவந்த சமயத்தில் அங்கிருந்தும் அதைப் பதிவு செய்தார்கள், 1986இல் 2.3 மீட்டர் தொலைநோக்கி அங்கே திறக்கப்பட்டது. அதை ஏன் சென்னையில் வைக்காமல் மலைக்காட்டில் கொண்டுபோய் வைத்தார்கள் என்று யோசித்தாலே நமக்கு வேண்டிய பதில் கிடைத்துவிடும். வானம் எவ்வளவு இருட்டு என்பதற்கு போர்ட்டில் என்று 1 முதல் 9 வரை ஓர் அளவு வைத்திருக்கிறார்கள், 1 என்றால் கும்மிருட்டு. சென்னை 8, 9இல் நிற்கிறது. ஆறு அங்குலக் கண்ணாடி உள்ள டாப்சோனியன் ரக டெலஸ்கோப் வாங்கினால் சனியின் வளையம், வியாழனின் பட்டைகள், நிலாவின் பள்ளங்கள் எல்லாம் சென்னையிலிருந்தே தெரியும், முதல் தடவை சனியைப் பார்க்கிறவர்கள் யாராக இருந்தாலும் வாயைப் பிளப்பார்கள். மங்கலான நெபுலா, கேலக்ஸி என்று ஆசைப்பட்டால் ஊரை விட்டுக் கிளம்ப வேண்டும்.

மூன்று வாரக் கேள்வியில் டெலஸ்கோப் நன்றாகவே தேறுகிறது, வியாழன் எங்கேயும் போய்விடாது. ஆனால் வேறு இடத்தில் தடுக்கும். பதினைந்து கிலோ வரும் பொருளை மொட்டை மாடிக்குத் தூக்க வேண்டும், சாவி அசோசியேஷன் செக்ரட்டரியிடம் இருக்கும், அவர் ஒன்பதரைக்குத் தூங்கிவிடுவார். மாடியில் யாரோ ஒரு புண்ணியவான் தண்ணீர்த் தொட்டிக்கு மேல் ஃப்ளட் லைட் மாட்டியிருப்பார். வடகிழக்குப் பருவமழை முடிகிற வரை வானமே தெரியாது, ஜனவரியிலிருந்து மார்ச் வரை கிடைப்பதுதான் நல்ல இரவுகள். இதையெல்லாம் தாண்டியவர்கள் அடுத்துப் போகிற இடம் வானத்தைப் படம் பிடிப்பது, அதில் எடுப்பது ஒரு மணி நேரம் என்றால் நூற்றுக்கணக்கான படங்களை அடுக்கி, இரைச்சலைக் கழித்து, பைத்தானில் ஸ்கிரிப்ட் எழுதுவது நான்கு மணி நேரம். வந்தாயிற்றா லேப்டாப்புக்கு?

தாளச் சொற்களை வாயாலேயே சொல்கிற கொன்னக்கோல் இந்தப் பட்டியலில் யாரும் எதிர்பார்க்காத ஆசாமி. மிருதங்கம் கற்றுக்கொள்ளலாமா என்று ஆரம்பித்த யோசனைதான், ஆனால் அபார்ட்மென்டில் மிருதங்கம் என்றால் பக்கத்து வீட்டு உறவு போய்விடும், தொப்பி என்கிற இடது பக்கத்தில் ரவை பிசைந்து ஒட்ட வேண்டும், அடிக்கடி வாரைச் சரிபார்க்க வேண்டும். கொன்னக்கோலுக்கு வாயும் கையும் போதும், ஆபீஸ் கேபில் உட்கார்ந்து தொடையில் தாளம் போட்டுக்கொண்டே மனதுக்குள் சொல்லிக்கொண்டு போகலாம். கோடு எழுதுகிறவர்களுக்கு இதில் இருக்கிற போதை கணக்கு. ஆதி தாளம் 8 எண்ணிக்கை, எண்ணிக்கைக்கு 4 வீதம் மொத்தம் 32. ததிகிணதொம் 5, அதை மூன்று முறை சொல்லி மூன்றாவது முடிந்ததும் சமத்தில், அதாவது அடுத்த சுற்றின் முதல் தட்டில் வந்து விழ வேண்டும் என்றால் எங்கே எடுப்பது? 32இல் 15 போனால் 17, ஆக 18ஆவதில் எடுக்க வேண்டும், அதாவது ஐந்தாவது எண்ணிக்கைக்குத் தட்டு விழுந்த உடனே இல்லை, ஒரு கால் தள்ளி. காகிதத்தில் இதைப் போட ஒரு நிமிடம் ஆகாது. தட்டு விழுந்து அந்தக் கால் இடைவெளியை விட்டு வாய் சரியாகத் திறக்க வாரக்கணக்கில் ஆகிறது, அதுதான் இதன் அழகு. தெரிந்த பதிலைக் கை ஒத்துக்கொள்ளாது.

ஆனாலும் இதை முதலிடத்துக்கு நான் சொல்லமாட்டேன். வாத்தியார் இல்லாமல் வராது, வீடியோ பார்த்து வருவது அரைகுறை. வாத்தியார் என்றால் புதன்கிழமை ஏழு மணி என்றால் ஏழு மணி, அந்த நேரத்தில்தான் அமெரிக்க டீம் கால் போடுவார்கள். மூன்று வாரம் விட்டுவிட்டுப் போய் நின்றால் அவர் ஒன்றும் சொல்லமாட்டார், மறுபடி முதல் காலத்திலிருந்து, அதாவது மெதுவான வேகத்திலிருந்து சொல்லச் சொல்வார், அது திட்டுவதைவிட மோசம். நிலையான ஷிப்ட் இருக்கிறவர்களுக்கு இந்த வரிசையிலேயே மிக மலிவான, மிக ஆழமான பொழுதுபோக்கு இதுதான்.

மிச்சமிருப்பது பறவை பார்ப்பது. நேராகச் சொல்லிவிடுகிறேன், என் ஓட்டு இதற்குத்தான், ஆனால் சொல்கிற காரணம் இயற்கை, மன அமைதி என்று வழக்கமாகச் சொல்கிற விஷயம் இல்லை. நான் எப்படி இருந்தாலும் இது கண்டுகொள்ளாது, அதுதான் காரணம். மூன்று வாரம் போகாவிட்டால் ஒன்றும் ஆகாது. அக்டோபரிலிருந்து மார்ச் வரை வலசை வருகிறவை வரும், கோடையில் போய்விடும், மற்றபடி செம்பகமும் தவிட்டுக்குருவியும் வருடம் முழுக்க இங்கேதான். ஆன்கால் வாரத்தில்கூட பால்கனியில் நின்று காபி குடிக்கிற நேரம் போதும், எங்கேயோ ஒரு மரத்தில் செம்மார்புக் குக்குறுவான் டுக் டுக் டுக் என்று நிறுத்தாமல் தட்டிக்கொண்டிருக்கும், அது எந்தக் கிளையில் இருக்கிறது என்று கண்டுபிடிக்கவே ஒரு காபி போதாது. குரல் பெரிது, ஆள் சிட்டுக்குருவியைவிடக் கொஞ்சம்தான் பருமன், உடம்பு இலைப் பச்சை.

ஓ.எம்.ஆரில் இருக்கிறவர்களுக்கு இன்னொரு அதிர்ஷ்டம். நம் ஆபீஸ்கள் கட்டியிருப்பதே பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தின் ஓரத்தில், சில இடங்களில் அதன் மேலேயே. இந்த சதுப்பு நிலம் 2022இல் உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது, ஒரு பக்கம் பெருங்குடி குப்பைக்கிடங்கு, நடுவே துரைப்பாக்கம் பல்லாவரம் ரேடியல் ரோடு, இத்தனைக்கும் நடுவில் கூழைக்கடாவும் நீலத் தாழைக்கோழியும் இருக்கின்றன, சில பருவத்தில் பூநாரைகூட வரும். ஒருநாள் காலையில் நீளவால் இலைக்கோழியைத் தேடிப் பிடித்து ஐந்து நிமிடம் பாருங்கள். உடம்புக்குச் சம்பந்தமே இல்லாத நீளத்தில் விரல்கள், மிதக்கிற இலையில் ஒரு காலை வைத்து எடையை மாற்றும்போது இலை லேசாக அமிழும், முழுகுவதற்குள் அடுத்த இலையில் கால். பின்னால் ரோட்டில் கம்பெனி பஸ்கள் ஹார்ன் அடித்துக்கொண்டு போகும்.

லேப்டாப் கேள்வியில் இதுவும் முழு மார்க் வாங்காது, அதைச் சொல்லிவிட வேண்டும். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகப் பறவையியல் ஆய்வகம் 2002இல் தொடங்கிய இபேர்ட் தளத்தில் பார்த்ததையெல்லாம் பட்டியலிடலாம், பொங்கல் சமயத்தில் தமிழ்நாடு முழுக்கப் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு என்று நடக்கிறது, அதற்கும் இதில்தான் பதிய வேண்டும். நல்ல விஷயம்தான், உங்கள் பட்டியல் ஆய்வாளர்களுக்குப் பயன்படுகிறது. ஆனால் எண்ணிக்கை என்று ஒன்று திரையில் தெரிந்துவிட்டால் நம் ஆட்களுக்கு அதை ஏற்றியே ஆக வேண்டும், புதுப் பறவை ஒன்று எங்கோ வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டு விடிகாலை நாலு மணிக்கு வண்டி எடுக்கிற கும்பல் இருக்கிறது. மெர்லின் செயலி குரலைக் கேட்டுப் பெயர் சொல்லும், சில நேரம் தப்பாகவும் சொல்லும். அது சொன்ன பெயரைக் கண்ணால் பார்க்காமல் பட்டியலில் ஏற்றாதீர்கள்.

டெலஸ்கோப்பா பறவையா என்று இழுபறியில் இருப்பவர்களுக்கு இன்னும் சுலபம், ஒரே பைனாகுலரில் இரண்டும் ஆகும். 8×42 என்று கேட்டு வாங்குங்கள். 8 என்பது உருப்பெருக்கம், 42 என்பது முன்கண்ணாடியின் அகலம் மில்லிமீட்டரில். 42ஐ 8ஆல் வகுத்தால் 5.25, அந்த அகலத்தில்தான் ஒளி கண்ணுக்குள் வருகிறது, விடிகாலை மங்கலுக்கும் ராத்திரிக்கும் அது போதும். காலையில் இலைக்கோழி பார்த்த அதே பைனாகுலரில் குளிர்கால இரவில் கார்த்திகைக் கூட்டம் உதறிவிட்ட மாதிரி தெரியும், ஓரியனின் வாளில் ஒரு மங்கல் திட்டாக நெபுலா தெரியும், முழங்கையைச் சுவரில் ஊன்றி ஆடாமல் பிடித்தால் வியாழன் பக்கத்தில் அதன் நிலாக்கள் புள்ளிகளாகத் தெரியும். சனியின் வளையம் தெரியாது, அதற்கு டெலஸ்கோப்தான்.

10×42 வாங்கலாமே என்று கடையில் சொல்வார்கள். பத்து மடங்கு பெருக்கினால் கை நடுக்கமும் பத்து மடங்கு பெருகும், காட்சிப் பரப்பும் குறையும், புதிதாகத் தொடங்குகிறவர்களுக்குப் பறவையைச் சட்டத்துக்குள் கொண்டுவருவதே பெரும்பாடு. ஆன்லைனில் 100 மடங்கு, 180 மடங்கு ஜூம் என்று ஆயிரம் இரண்டாயிரத்துக்கு விற்கிறதைத் தொடாதீர்கள். பத்தாயிரம் ரூபாய் அக்கம்பக்கத்தில் யோக்கியமான 8×42 கிடைக்கும். நம்மில் பாதிப் பேர் கண்ணாடி போட்டவர்கள், ஆகவே ஐ ரிலீஃப், அதாவது கண்ணைத் தள்ளி வைத்தும் முழுக் காட்சி தெரிகிற தூரம், 15 மில்லிமீட்டராவது இருக்கிறதா பாருங்கள், கண்ணாடியைக் கழற்றாமல் ஐகப்பை உள்ளே தள்ளிவிட்டுப் பார்க்க வேண்டும். வாங்கின அன்றே ஒரு வேலை: வலது முன்கண்ணாடியைக் கையால் மூடி, தூரத்து போர்டு ஒன்றை நடுச் சக்கரத்தால் இடது கண்ணுக்குத் துல்லியமாக்குங்கள், பிறகு இடதை மூடி, சக்கரத்தைத் தொடாமல் வலது கண்குழலில் இருக்கிற வளையத்தை மட்டும் திருகி அதே போர்டைச் சரிசெய்யுங்கள். இதைச் செய்யாமல் தலைவலிக்கிறது என்று விற்றுவிடுகிறவர்கள் நிறையப் பேர்.

ரேடியல் ரோட்டில் வண்டிகள் பறக்கும், பாலத்தின் மேல் பைக்கை நிறுத்திவிட்டுப் பார்க்காதீர்கள். வேடந்தாங்கலுக்கு நவம்பரிலிருந்து பிப்ரவரிக்குள் போங்கள், சென்னையிலிருந்து சுமார் 80 கிலோமீட்டர், கிளம்புவதற்கு முன் ஏரியில் தண்ணீர் இருக்கிறதா என்று விசாரித்துவிடுங்கள், மழை பொய்த்த வருடம் மரம்தான் இருக்கும். கூட்டம் பிடிக்காதவர்கள் பக்கத்தில் கரிக்கிலிக்குப் போகலாம், அங்கே ஞாயிற்றுக்கிழமைகூட அவ்வளவு ஆள் வருவதில்லை.